காயலுக்கு வாய் திறந்தது

கடலை ஒட்டிய அலையாத்திக் காட்டில் ஒரு பெரிய காயல் இருந்தது. அது கடலோடு சேரும் இடத்தில் அகலமான ஒரு வாய் இருந்தது. அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும், வெளியே போகும்.

ஒரு புயலில் அந்த வாயை மணல் அடைத்துவிட்டது. அதன்பிறகு ஆறு கொண்டுவந்த குப்பையெல்லாம் காயலிலேயே தங்கியது. கிழிந்த வலைகளும் பிளாஸ்டிக் பைகளும் மரவேர்களைச் சுற்றிக்கொண்டன. தண்ணீர் கறுத்து நாறியது. மீன்கள் மூச்சுமுட்டிச் செத்துக் கரை ஒதுங்கின.

நீர்நாயின் குட்டிகளுக்கு உடம்பெல்லாம் புண். கூழைக்கடாவுக்கு இரை கிடைக்கவில்லை. நண்டுகளின் வளைகளில் கரிய சேறு புகுந்தது.

நரி மட்டும் கொழுத்தது. செத்த மீன் தினமும் அதன் காலடிக்கே வந்தது அல்லவா?

"இந்தக் காட்டை விட்டே போய்விடலாம்," என்றது நீர்நாய். அதற்குப் பொறுமை என்பதே கிடையாது.

"எங்கே போவது? குப்பையை அள்ளுவோம். வாயைத் தோண்டித் திறப்போம்," என்றது நண்டு. அது பெரிய பிடிவாதக்காரி.

நரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதற்கு வீண் வேலை? காயலுக்கு என்ன கேடு வந்துவிட்டது? கோடையில் தண்ணீர் இப்படித்தான் இருக்கும். தானாகத் தெளிந்துவிடும்," என்றது.

அதன் இனிய பேச்சைக் கேட்டு நண்டைத் தவிர எல்லா விலங்குகளும் தலையாட்டின.

"அப்படியா, நரியண்ணா? நல்ல தண்ணீர்தான் என்றால், இறங்கி ஒரு முழுக்குப் போட்டுக் காட்டுங்களேன்," என்றது நண்டு.

எல்லாக் கண்களும் நரியின் மேல் திரும்பின. நரி மெல்ல ஒரு காலை நீரில் வைத்தது. பிசின்போல் ஏதோ ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, "எனக்கு... இன்று கொஞ்சம் ஜலதோஷம்," என்றது.

மற்றவை சிரித்தன. நீர்நாய் சிரிக்கவில்லை. தன் குட்டிகளை ஒருமுறை பார்த்தது. பிறகு அந்தக் கறுப்பு நீரில் குதித்தது. மேலே வந்தபோது அதன் வாயில் ஒரு பழைய வலை இருந்தது.

அவ்வளவுதான். கூழைக்கடா தன் பெரிய அலகால் பைகளை அள்ளியது. அந்த அலகின் மேல் அதற்கு எப்போதும் பெருமை. இப்போது அது நாறியதைப் பற்றிக் கவலைப்படவில்லை. காட்டுப்பன்றிகள் குப்பையை இழுத்துப்போய், வெள்ளம் எட்டாத மேட்டில் குவித்தன. வேர்கள் மறுபடி வெளியே தெரிந்தன.

ஆனால் மணல் மட்டும் வழிவிடவில்லை. நண்டுகள் பகலெல்லாம் தோண்டும். ஒரே அலை வந்து மூடிவிட்டுப் போகும்.

"கடலோடு மல்லுக்கட்டுகிறீர்களே!" என்று கேலி செய்தது நரி.

நண்டின் கொடுக்கு ஒன்று உடைந்தது. மற்றொன்றால் தோண்டியது.

பிறகு மழை வந்தது. ஆறு பெருகியது. காயல் நிரம்பித் ததும்பியது. மழைவிட்ட காலையில் கூழைக்கடா வானத்திலிருந்து கத்தியது: "கடல் இறங்கிக் கிடக்கிறது! நம் காயல் அதைவிட உயர்ந்து நிற்கிறது! இப்போது தோண்டுங்கள்! காயல் பக்கமிருந்து தோண்டுங்கள்!"

நண்டுகள் ஓடின. பன்றிகள் மூக்கால் கிளறின. நீர்நாய் நான்கு காலாலும் பறித்தது. மணலில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. அதில் நூல்போல் நீர் கசிந்தது.

நூல் கயிறானது. கயிறு ஓடையானது. கரைமணல் பொலபொலவென்று சரிந்தது.

"விலகுங்கள்!" என்று அலறியது நீர்நாய்.

எல்லாம் மேட்டுக்குப் பாய்ந்தன. அடுத்த கணம் மணல்மேடே பிளந்தது. இடிபோல் முழங்கிக்கொண்டு கறுப்பு நீர் கடலை நோக்கிப் பாய்ந்தது. காலடியில் நிலம் அதிர்ந்தது. நரியும் வாய் பிளந்து நின்றது.

பிறகு கடல் திரும்பி வந்தது. நீல நீர் மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து, ஒவ்வொரு வேராகத் தொட்டுக்கொண்டு காட்டுக்குள் சென்றது. அதனோடு ஆயிரமாயிரம் மீன்குஞ்சுகள் வெள்ளித் துளிகளாக மின்னிக்கொண்டு வந்தன.

"இவ்வளவு பெரிய காரியத்தை நாமா செய்தோம்?" என்று கூழைக்கடா மெதுவாகக் கேட்டது.

"நாம் ஒரு கோடு கிழித்தோம்," என்றது நண்டு. "மற்றதைத் தண்ணீர் செய்தது."

நீதி: கெட்டது தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதே, எல்லோரும் கூடித் தொடங்கினால் இயற்கையும் கைகொடுக்கும்.