மெத்தைமேல் போட்ட தண்டவாளம்

கோணலூர்க்காரர்களைப் பற்றி வெளியூரில் என்னென்னவோ பேசுவார்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். ஒருவர் சொன்ன சொல்லை அவர்களைப்போல மதிக்கிறவர்கள் கிடையாது. நீங்கள் வாயைத் திறந்து என்ன சொன்னீர்களோ, அதை அப்படியே செய்துவிடுவார்கள். தப்பு இருந்தால் அது சொன்னவர் வாயில்தான்.

அந்த ஊர்த் தணிகாசலத்துக்கு அவருடைய மச்சான் தெய்வசிகாமணி சிங்கப்பூரிலிருந்து ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு இஞ்சின், பின்னால் மூன்று பெட்டி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் கண்ணாடி. அதைப் பார்த்ததிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. பேரன் எடுக்கிற வயதில் அப்படி ஒரு ஆசை. ஆனால் தண்டவாளம் இல்லை.

“பாதையை நீங்களே பார்த்து வாங்கிப் போட்டுக்குங்க மாப்ளே. ஞாயித்துக்கிழமை வருவேன், வண்டி ஓடணும். ஓடலேன்னா எடுத்துட்டுப் போய் லால்குடி மாப்பிள்ளைக்குக் கொடுத்துடுவேன்” என்று சொல்லிவிட்டு மச்சான் திருச்சியில் இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

லால்குடி மாப்பிள்ளைக்கா! தணிகாசலத்துக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. உடனே கூட்டாளிகளைக் கூப்பிட்டார். உத்தண்டி நிறைய யோசிப்பவர். மாசிலாமணி அவர் யோசித்ததற்கெல்லாம் தலையாட்டுபவர். மூவரும் திருச்சிக்கு பஸ் ஏறிப் பொம்மை ரயில் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பொறுமைசாலி. “புதுசா ஆரம்பிக்கிறீங்களா? ரெண்டு வகை இருக்கு சார். ஒண்ணு, அடியிலே படுக்கையோட சேர்ந்தே வர்ற பாதை. அப்படியே மாட்டிக்கிட்டே போகலாம். இன்னொண்ணு வெறும் பாதை. அதுக்குப் படுக்கையை நீங்கதான் போட்டுக்கணும். மெத்துனு போட்டீங்கன்னா சத்தம் வராது.”

மூவரும் மூலைக்குப் போய்க் கலந்து பேசினார்கள்.

“வீட்லே படுக்கை இருக்கும்போது கடையிலே எவனாவது படுக்கை வாங்குவானா?” என்றார் உத்தண்டி.

“அதானே! போன தையிலேதானே நம்ம வீட்லே இலவம்பஞ்சு மெத்தை தச்சோம்” என்றார் தணிகாசலம்.

மாசிலாமணி தலையாட்டினார். வெறும் பாதை என்று முடிவாயிற்று.

கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: “சிலிப்பர் கட்டை நெருக்கமா இருந்தாத்தான் பார்க்க நிஜ ரயில் பாதை மாதிரி இருக்கும். முக்கியமா, முதல்லே ஒரு படம் போட்டுப் பாருங்க. அப்புறம் பாதையிலே கை வைங்க.”

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற கட்டைகளைத்தான் பாவம் அவர் சொன்னார். கோணலூரில் சிலிப்பர் என்றால் காலில் மாட்டுவது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் படம் போட்டார்கள், டிவியில். அண்ணன் தங்கை பிரிகிற படம். மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதார்.

“படத்துலே ரயிலே வரலையே?” என்றார் தணிகாசலம்.

“வரும்னு அவர் சொல்லலையே. போட்டுப் பாருங்கன்னார். போட்டோம், பார்த்தோம்” என்றார் உத்தண்டி.

“அப்போ பாதையிலே கை வைக்கலாமா?”

“தாராளமா.”

மூவரும் பாதையில் கை வைத்தார்கள். எடுப்பதைப் பற்றிக் கடைக்காரர் எதுவும் சொல்லாததால் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலத்தின் மனைவி கோமளம் காப்பி கொண்டுவந்த பிறகுதான் கைக்கு விடுதலை கிடைத்தது.

அடுத்து மெத்தை விரித்தார்கள். மேலே சலவை விரிப்பு. அதன்மேல் பாதையை வட்டமாக மாட்டினார்கள். தலையணை வைக்கும்போதுதான் சிக்கல் வந்தது.

“வடக்கே தலை வைக்கக் கூடாது” என்றார் தணிகாசலம்.

“வட்டத்துக்குத் தலை ஏதுங்க? இஞ்சின் இருக்கிற பக்கம்தான் தலை.”

“அது சுத்திக்கிட்டே இருக்குமே!”

உத்தண்டி வெகுநேரம் யோசித்தார். “இஞ்சின் கூடவே தலைகாணியும் சுத்தணும். வடக்கே வரும்போது மட்டும் எடுத்துடணும். மாசிலாமணி பார்த்துக்குவார்.”

மாசிலாமணி தலையாட்டினார்.

பிறகு தெருத்தெருவாகப் போய்ச் சிலிப்பர் சேகரித்தார்கள். கட்டையாக இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால் உயரக் குதிகால் வைத்ததையெல்லாம் கண்டிப்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்றதைப் பாதைக்கு அடியில் நெருக்கமாகச் செருகினார்கள். ஊரே வெறுங்காலோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டார்கள். இஞ்சின் புறப்பட்டது. முதல் சிலிப்பரில் ஏறியது, இரண்டாவதில் சாய்ந்தது, மெத்தைக் குழியில் இறங்கித் தலையணையில் முகம் புதைத்துப் படுத்துவிட்டது. சத்தம் மட்டும் வரவே இல்லை. கடைக்காரர் சொன்னது சரிதான்.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “போச்சு, லால்குடிக்குப் போச்சு” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அழாதீங்க. ரயில்லே போகும்போது ஜன்னல் வழியாப் பார்த்தா எது ஓடும்?” என்று கேட்டார் உத்தண்டி.

“மரம் ஓடும். வீடு ஓடும்.”

“ரயில்?”

“அது ஜம்முனு இருந்த இடத்துலேயே இருக்கும்.”

“அப்புறம் என்ன? நம்ம ரயில் சரியாத்தான் இருக்கு. மரம்தான் ஓடலை.”

மச்சான் வந்ததும் அவரை மெத்தையில் படுக்கவைத்து, பெட்டியின் இந்தப் பக்கத்து ஜன்னலில் கண்ணை வைக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் தணிகாசலம் வாழைக்கன்றோடு ஓடினார். உத்தண்டி முருங்கைக் கிளையோடு ஓடினார். மாசிலாமணி ஒட்டடைக் குச்சியை நட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு தந்திக் கம்பமாக ஓடினார்.

மச்சானும் பிறந்தது கோணலூரில்தான்.

“அடேயப்பா, என்னா வேகம்!” என்று அவர் கூவினார்.

உற்சாகம் தாங்காமல் மாசிலாமணி ஊர்களைக் கூவ ஆரம்பித்தார். “லால்குடி!” என்றதும், அங்கே நிற்கிற மாப்பிள்ளை பார்த்துவிடப் போகிறாரே என்று மச்சான் முகத்தை மறைத்துக்கொண்டார். அப்புறம் ஸ்ரீரங்கம் வந்தது. அப்புறம் “திருச்சி!” என்று குரல் வந்ததுதான் தாமதம், மச்சான் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டார்.

“நம்ம ஊர் வந்துடுச்சு. அருமையா ஓடுது மாப்ளே! வண்டி உங்களுக்குத்தான், நீங்களே வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.

தணிகாசலம் இஞ்சினை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம் அவருக்குக் கல்யாணத்தன்று கூட இல்லை.

பேச்சுச் சத்தம் கேட்டுக் கோமளம் கரண்டியோடு வந்தாள். “அண்ணன் எங்கேங்க?”

“திருச்சி வந்ததும் இறங்கிட்டார்.”

“திருச்சியா!” கோமளம் கரண்டியைக் கீழே போட்டாள். “அப்போ நாம இப்போ திருச்சியிலேயா இருக்கோம்? ஐயையோ, கோணலூர்லே அடுப்புலே குழம்பை வச்சுட்டு வந்துட்டேனே! வண்டியைத் திருப்புங்க!”

மூவரும் மரங்களைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தலைதெறிக்க ஓடினார்கள். கோமளமும் ஒரு துளசித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எவ்வளவு தூரம் வந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. குழம்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான், ஊர் வந்துவிட்டது என்று தெரிந்து வண்டியை நிறுத்தினார்கள்.