ரயிலைத் தவறவிட்ட கழுதை

"டீச்சர், ஒரே கார்டுல ரெண்டு பிராசசர் இருக்கிறதை வாங்கறதா, இல்ல தனித்தனியா ரெண்டு கிராபிக்ஸ் கார்டு வாங்கறதாங்க?"

எட்டு மாதமாகத் தணிகைவேல் இதைத்தான் கேட்கிறார்.

நசீமா டீச்சர் அவரைவிடப் பதிமூன்று வயது இளையவர். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டு, காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். சனிக்கிழமைகளில் அங்கே தொழில் கற்க வருபவர்களில் தணிகைவேல்தான் மூத்தவர்.

டீச்சர் வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்.

"ஒரே கார்டுன்னா இடம் மிச்சம். ஆனா ஒண்ணோட சூடு இன்னொண்ணைத் தாக்கும். போனா ரெண்டும் சேர்ந்துதான் போகும். தனித்தனின்னா கரண்ட் ஜாஸ்தி இழுக்கும். ஒண்ணு போனாலும் மத்தது ஓடும்."

"யோசிச்சுட்டு வரேனுங்க."

அதுவும் வழக்கம்தான். ஆனால் அன்று டீச்சர் விடவில்லை.

"எதுக்குங்க சார் கார்டு?"

"ஒரு பொம்மைப் படம். ரயிலைத் தவறவிட்ட கழுதை, தண்டவாளத்தோடயே நடந்து ஊட்டிக்குப் போகுது. ஏழு நிமிஷம். என் சம்சாரம் சுகந்தி வரைஞ்சா. நான் அதை நடக்க வெச்சேன்."

"அவங்க இப்போ?"

"தவறிப்போயி ரெண்டு வருஷமாச்சுங்க."

டீச்சர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"படத்துல இன்னும் என்ன வேலை பாக்கி?"

"ஒண்ணுமில்லீங்க. ஓட விட்டா கம்ப்யூட்டரே முழுப் படமா ஆக்கிக் குடுத்துடும்."

"இருக்கிற கார்டுல எத்தனை நாளாகும்?"

"பத்து நாள்."

"புதுசுல?"

"மூணு."

"எட்டு மாசமாச்சே, சார்."

தணிகைவேல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மிஷினை எடுத்துட்டு வாங்க."

மறுநாள் கொண்டுவந்தார். டீச்சர் பழைய கார்டைக் கழற்றித் தூசி ஊதினார். சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருக்க, அதைத் துடைத்துப் புதிதாகத் தடவி, மறுபடி பொருத்தினார். படத்தைத் திறந்து கீபோர்டைத் தணிகைவேல் பக்கம் தள்ளினார்.

"ஓட விடுங்க."

அவர் விரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்திலேயே நின்றது.

திரையில் கழுதை நின்றிருந்தது. இடது காதில் ஒரு கிழிசல். அதைச் சரி பண்ணச் சொல்லி அவர் மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறார். "கிழிஞ்சிருந்தாத்தான் அது நம்ம கழுதை" என்று சுகந்தி மறுத்துவிட்டாள்.

"இது முடிஞ்சிருச்சுன்னா டீச்சர்... அவகூடச் சேர்ந்து செய்ய எனக்கு வேற வேலையே இல்லீங்க."

டீச்சர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு கேட்டார்.

"படத்துல அவங்க பேரு வருதுங்களா?"

"வருதுங்க."

"எங்க?"

"கடைசியில."

"அப்ப அதுவரைக்கும் கழுதை நடந்தாகணுமே, சார்."

தணிகைவேல் பொத்தானை அழுத்தினார்.