கண்ணாடி திறக்கும் கடிகாரத்துக்கு ஓர் அச்சு

ஏகாம்பரம் பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பாலக்கரைக் கடைக்கு வந்தார். பையை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். பாதம் வீங்கியிருந்தது.

ஜைத்தூன் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்தார்.

"கிடைக்கல, வாத்தியாரம்மா," என்றார் ஏகாம்பரம்.

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. நூல் மில்லை மூடியபின் கடிகாரத் தொழில் கற்க வந்தவர். கற்றுக்கொடுக்கும் ஜைத்தூனுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத வருஷம் அது.

தேடியது ஓர் அச்சு. கடிகாரத்துக்குள் இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்குவது; முனை தலைமுடி பருமன்தான் இருக்கும். கடிகாரம் பொன்மலை கிருபாகரனுடையது. அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அந்தக் கடிகாரத்தின் கண்ணாடி மூடிபோலத் திறக்கும். முள்ளை விரலால் தடவி நேரம் பார்ப்பார். வயதாகிக் காதும் மந்தமாகிவிட்டதால் அலாரமும் கேட்காது. அவர் மனைவிக்கு வலிப்பு. ஆறு மணி நேரத்துக்கொரு தரம் மாத்திரை கொடுக்க வேண்டும். கடிகாரம் கை தவறி விழுந்ததில் அச்சு முறிந்தது. அந்த மாதிரிக் கடிகாரம் புதிதாக வருவது எப்போதோ நின்றுவிட்டது.

மூன்று வாரமாக ஏகாம்பரம் அலைகிறார். மதுரை, சென்னை, இப்போது பெங்களூர். தகர டப்பாக்களில் குவிந்து கிடக்கும் பழைய கடிகார மெஷின்களைக் கிளறிக் கிளறி நகக்கண்ணெல்லாம் கறுத்துவிட்டது. கிடைத்த அச்சுகளில் ஒன்று நீளமாக இருந்தது, இன்னொன்று தடிமனாக இருந்தது. ஒவ்வொரு கடைக்காரரும் இன்னொரு கடைக்காரரைக் கைகாட்டினார்.

"கிருபாகரன் சார்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் ஜைத்தூன்.

"போன வாரம் சொன்னதுதான். அடுத்த வாரம் வந்துடும்னு." ஏகாம்பரம் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "ஒரு சாமான் இல்லைன்னு எப்பத்தான் சொல்றது, வாத்தியாரம்மா?"

ஜைத்தூன் எழுந்து அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார். ஒரு பழைய காகித உறையைக் கொண்டுவந்து ஏகாம்பரம் முன்னால் கவிழ்த்தார்.

கண்ணாடி திறக்கும் கடிகாரம். அதே அளவு, அதே முள். ஏகாம்பரம் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு பல்சக்கரம் மழுங்கியிருந்தது. அச்சு முழுசாக இருந்தது.

பின்மூடியை டக்கென்று மேசையில் வைத்தார்.

"இது இங்கேயே இருந்துதா? மூணு வாரமா என்னை ஊர் ஊரா அலைய விட்டீங்களே!"

"இருந்துச்சு. ஆனா என்னோடது இல்லண்ணே. உறையூர் ரூபாவதி அக்காவோடது. பதினோரு வருஷம் முன்னாடி ரிப்பேருக்குக் கொடுத்தாங்க. பல்சக்கரம் கிடைக்கல. அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னேன். ரெண்டு வருஷம் அதையே சொன்னேன். அப்புறம் அவங்க வர்றதில்ல."

"பதினோரு வருஷம்! இனி யாரு கேட்கப்போறா? அச்சை எடுத்துக்கலாம்."

ஜைத்தூன் உறையில் எழுதியிருந்த முகவரியைப் பார்த்தார். கடிகாரத்தைத் திரும்ப மூடி எடுத்துக்கொண்டு கடையைப் பூட்டினார்.

"வாங்க," என்றார்.

ஏகாம்பரம் வீங்கிய காலில் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்.

ரூபாவதி வாசலில் உட்கார்ந்து பிரம்பு நாற்காலி பின்னிக்கொண்டிருந்தார். பார்வை இல்லாத முகம் காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பியது.

"யாரு?"

"பாலக்கரை வாட்ச் கடை ஜைத்தூன்க்கா."

பின்னிய கை நின்றது.

"அடுத்த வாரமா?" என்றார் ரூபாவதி.

ஜைத்தூன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இல்லக்கா. உங்க வாட்ச்சை என்னால சரிபண்ண முடியல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"இதைச் சொல்லவா இத்தனை வருஷம்? அப்ப எக்ஸ்சேஞ்சுல டெலிபோன் வேலை பார்த்தேன். வாட்ச் வந்துடும், வந்துடும்னு வேற ஏற்பாடே பண்ணிக்கல. நேரம் தப்பித் தப்பி அந்த வேலையே போச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. பொன்மலைக்காரர் கதையை ஒரே மூச்சில் சொல்லி அச்சைக் கேட்டார்.

ரூபாவதி கையை நீட்டினார். ஜைத்தூன் கடிகாரத்தை அந்தக் கையில் வைத்தார். ரூபாவதி கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தடவினார். மூடினார்.

"தர மாட்டேன்."

"அது ஓடாதேம்மா," என்றார் ஏகாம்பரம்.

"ஓடாதுன்னு இப்பத்தானே சொல்றீங்க? நேத்து வரைக்கும் ரிப்பேர்லதானே இருந்துச்சு?"

தெருமுனை தாண்டியதும் ஏகாம்பரம் நின்றார். "இன்னொரு தடவை கெஞ்சிக் கேட்டிருக்கலாம்."

"அவங்களுக்கு நான் செஞ்சது போதும்ணே."

இருவரும் பொன்மலை பஸ்ஸில் ஏறினார்கள்.

கிருபாகரன் மனைவியின் கட்டிலோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணிமை தடித்திருந்தது. ராத்திரி மாத்திரை தவறிவிடக்கூடாது என்று மூன்று வாரமாக அவர் படுக்கவில்லை. மனைவி முழிக்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வாராம். மாத்திரை மயக்கத்தில் பாதி நேரம் முழிப்பதில்லை.

ஜைத்தூன் அவருடைய இடது காதருகே குனிந்தார். "சார், அச்சு கிடைக்கல."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் வராது சார். எப்ப வரும்னு எங்களுக்குத் தெரியாது."

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்க்க அவரால் ஆகவில்லை.

கிருபாகரன் கட்டிலைத் தடவி மனைவியின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு, "பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றார்.

ஸ்டெல்லா கைக்குழந்தையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கோபித்துக்கொண்டாள்.

"இதுக்கா சார் மூணு வாரம் முழிச்சுக்கிட்டுக் கிடந்தீங்க? இவனுக்குப் பால் கொடுக்க ராத்திரி எப்படியும் எழுந்திரிக்கிறேன். வந்து மாத்திரையைக் கொடுத்துட்டுப் போக மாட்டேனா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"வாட்ச் வந்துடும்னு சொன்னாங்கம்மா. நாலு நாளைக்காக உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..."

அவள் மாத்திரைப் பெட்டியைக் கையில் எடுத்து, எது எப்போது என்று அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டாள். கிருபாகரன் தரையில் பாயை விரித்துப் படுத்தார். வந்தவர்கள் விடைபெறும் முன்பே தூங்கிப்போனார்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. பஸ் நிறுத்தத்துப் பலகையில் ஏகாம்பரம் உட்கார்ந்தார். ஜைத்தூனும் தள்ளி உட்கார்ந்தார்.

"அப்ப தேடறதை விட்டுடலாமா, வாத்தியாரம்மா?"

"எதுக்கு விடணும்? தேடுங்க," என்றார் ஜைத்தூன். "இப்ப அவர் காத்துக்கிட்டு இல்ல. நிதானமாத் தேடலாம்."