அவுட்டானவர்களின் வரிசை

சவரிமுத்து மாஸ்டருக்கு நின்றால் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு வாங்கியது. போதும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்காரி அதைச் சொல்ல ஆரம்பித்து வருஷக் கணக்காகிறது. கடைசியில் அவரும் சொன்னார். இந்தக் கோயில் கொடைத் திருவிழா ஆட்டம் முடிந்ததும் விசிலைக் கழற்றிவிடுவது என்று முடிவாயிற்று. ஊர்க் கபடி டீமுக்கு அடுத்த கோச் யார் என்பதை மாஸ்டரே சொல்லட்டும் என்று கமிட்டி கையைக் கழுவிக்கொண்டது.

ஊரில் இதைப் பற்றி இரண்டாவது பேச்சே கிடையாது. சுடலைக்கண்ணு இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? கபடிக் களத்தில் அவன் எதிர் அணிக்குள் பாடிப் போய், பிடிக்க வந்தவர்களின் தலைக்கு மேலே எகிறித் திரும்பி வந்த கதையை, பார்த்தவர்களைவிடப் பார்க்காதவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். வலது முழங்கால் முறிந்து ஆட்டத்தை விட்ட பிறகும், யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்றுதான் பேச்சு. பாராட்டு விழாவில் மைக்கைப் பிடித்து அவன் சொன்னது இன்றைக்கும் டீக்கடையில் ஓடுகிறது.

"என்னை வெளிய உக்கார வச்ச டீமே கிடையாது. அவுட்டானாலும் அடுத்த பாயிண்டுக்கு உள்ள வந்து நிப்பேன்."

அப்படிப்பட்டவன் காதில், அவனோடு ஒரே டீமில் இருந்த லிங்கதுரையை மாஸ்டர் கோச்சாக்க யோசிக்கிறார் என்ற செய்தி விழுந்தது. சுடலைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. கால்தான் போயிற்று, இதுவும் போனால் அவனிடம் என்ன மிச்சம்? அன்று சாயங்காலமே நொண்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தான்.

மாஸ்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். செங்கல் சூளையிலிருந்தும் மரக்கடையிலிருந்தும் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கேன்."

"கேளு."

"என்னைவிட நல்லா ஆடினவன் இந்தச் சுத்துவட்டாரத்துல உண்டா?"

"கிடையாது."

"லிங்கதுரை முழுசா ஆடின மேட்ச்சு எத்தனை?"

"ரொம்பக் கொஞ்சம்."

"பின்ன எதுக்கு அவன் பேரு அடிபடுது?"

மாஸ்டர் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"ஆறு மாசமா நீதானே பயலுவளுக்குச் சொல்லிக் குடுக்கே. எப்படி இருக்கு?"

"பயலுவ சரியில்ல மாஸ்டர். எத்தனை சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்கு. இந்த மாசானம் இருக்கானே, எகிறுலேன்னா காலுக்கடியில தவழுதான். நான் எகிறி வந்த இடம் அது! ரெண்டு வார்த்தை வஞ்சதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான். பக்கத்து ஊர் டீமுக்குப் போகப் போறானாம். போகட்டும்."

"அவன் போனா நமக்கு ரெய்டுக்கு ஆள் ஏது?"

சுடலைக்கண்ணு தன் கேள்வியைத்தான் மறுபடியும் எடுத்தான்.

"நல்லா ஆடினவன்தானே நல்லாச் சொல்லிக் குடுக்க முடியும்? கோச்சுக்கு வேற என்ன வேணும்? அதையாவது சொல்லுங்க."

மாஸ்டர் அவன் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"இன்னைக்கு நீ மாசானம் டீம்ல ஆடு."

"இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"ஆட்டம் தொடங்கியாச்சு, நீ முத ஆளா அவுட்டாயிட்டேன்னு வச்சுக்கோ. போய் அவுட்டானவன் உக்காருத இடத்துல உக்காரு. வாயைத் திறக்கப்பிடாது. உன் முறை வந்தா நான் கூப்பிடுதேன்."

கபடியில் அவுட்டானவன் தன் அணிக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். தன் அணி ஒரு பாயிண்ட் எடுத்தால் ஓர் ஆள் உள்ளே போகலாம். முதலில் அவுட்டானவன் முதலில் போவான். ரேஷன் கடை வரிசைதான், வேறொன்றுமில்லை.

சுடலைக்கண்ணு மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான். வெயில் தாழ்ந்தும் மண் சுட்டது. மாஸ்டர் விசில் ஊதினார்.

அங்கிருந்து பார்த்தால் தன் ஆட்களின் முகம் தெரியவில்லை. முதுகும் குதிகாலும்தான் தெரிந்தன. மாசானம் ரெய்டுக்குக் கிளம்பினான். கிளம்பும் முன் உள்ளங்கையை டவுசரில் துடைத்தான். ஓரடி வைத்துவிட்டு மறுபடியும் துடைத்தான். பயப்படுகிறான் என்று சுடலைக்கண்ணுவுக்குப் புரிந்தது. இத்தனை நாள் பக்கவாட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தியவனுக்கு அந்தக் கை கண்ணில் பட்டதே இல்லை.

மாசானம் வெறுங்கையோடு திரும்பினான். அடுத்து எதிர் அணி ஆள் பாடி வந்து, கார்னரில் நின்ற வேலாயுதத்தைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டான். வேலாயுதம் அவுட். வந்து சுடலைக்கண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து தொங்கியது.

"ஏல, எப்ப பட்டுது இது?" சுடலைக்கண்ணு குரலை அடக்கிக் கேட்டான்.

"முந்தா நாள்."

"ஏம்ல சொல்லல?"

"சொன்னா வையுவிய அண்ணே."

"வாயை மூடுடே," என்றார் தூரத்திலிருந்து மாஸ்டர்.

மறு ரெய்டில் மாசானத்தைப் பிடித்து அமுக்கிவிட்டார்கள். அவனும் அவுட். வேலாயுதத்துக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். சுடலைக்கண்ணு இருந்த பக்கமே திரும்பவில்லை.

பிறகு இவர்கள் அணி ஒருவனை மடக்கிப் பிடித்தது. ஒரு பாயிண்ட். ஓர் ஆள் உள்ளே போகலாம்.

நினைக்கும் முன்னேயே சுடலைக்கண்ணு கையை ஊன்றி எழுந்துவிட்டான். முழங்கால் சுளீரென்றது.

"நீ உக்காரு," என்றார் மாஸ்டர். "அடுத்தவன் வாடே."

அடுத்தவன் வேலாயுதம். அவன் பாதி எழுந்தான். பின்னால் இருந்த மாசானத்தைப் பார்த்தான்.

"நீ போடே," என்றான்.

மாசானம் சிட்டாகப் பறந்து உள்ளே போய் நின்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலாயுதம் மறுபடி உட்கார்ந்து நகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

வரிசை மாறினால் தப்புதான். ஆனால் நல்ல ரெய்டருக்காக முறையை விட்டுக்கொடுப்பது கொடை ஆட்டங்களில் உள்ள வழக்கம். வெளியூர் அம்பயர்கூட உட்கார்ந்திருக்கும் தலைகளை எண்ணுவாரே தவிர முகத்தைப் பார்க்கமாட்டார். மாஸ்டர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சுடலைக்கண்ணு மாசானத்தின் முதுகைப் பார்த்தான். ஆடிய காலத்தில் இப்படி உள்ளே ஓடிய முதுகு அவனுடையது. 'நீ போடே' என்ற சொல்லும் அவன் கேட்ட சொல்தான். எத்தனையோ ஆட்டங்களில், வரிசையில் தனக்கு முன்னால் இருந்தவன் வாயிலிருந்து. தன் முறை வந்துவிட்டது என்று நினைத்து ஓடியிருக்கிறான். உண்மையைச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை, ஓடியிருக்கிறான். மைக்கில் வேறு பேசியிருக்கிறான். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

நொண்டியபடி மாஸ்டரிடம் போனான்.

"மாஸ்டர், அந்தக் காலத்துல எனக்கு முறையை விட்டுக் குடுத்தது…"

"லிங்கதுரை," என்றார் மாஸ்டர். "பாதி நாள் அவன். மீதி நாள் வேற எவனாவது."

"என்கிட்ட ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லியிருந்தா நீ எகிறியிருப்பியாடே? போ. போய் உக்காரு."

போய் உட்கார்ந்தான். ஆட்டம் நடந்தது. இவர்கள் பக்கம் பாயிண்ட் விழும்போதெல்லாம் அவன் உடம்பு தானாக எழும்பப் பார்த்தது. மாஸ்டர் ஒவ்வொரு முறையும் விரலைக் கீழே காட்டினார். ஆட்கள் அவுட்டாகி வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். அவன் மட்டும் அங்கேயே இருந்தான்.

வெளிச்சம் மங்க, ஆட்டம் முடிந்தது. வேலாயுதம் குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினான். மாசானம் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சுடலைக்கண்ணுவைத் தாண்டி நடந்தான்.

"மாசானம்."

அவன் நின்றான். திட்டு வரப்போகிறது என்று தோளை விறைத்துக்கொண்டான்.

"ரெய்டுக்கு முன்னால கையைத் துடைக்கியே. பயமா?"

விறைத்த தோளை இறக்கி, "ஆமாண்ணே," என்றான்.

"எனக்கும் இருந்துது. நீ எகிறாண்டாம். உனக்குத் தவழத்தான் வருதுன்னா தவழ்ந்தே வா. இன்னும் தாழ்ந்து வா, நாளைக்குச் சொல்லுதேன்."

மாசானம் அவன் முகத்தைப் பார்த்தான். தலையை ஆட்டினான். பக்கத்து ஊரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

எல்லோரும் போனபிறகு மாஸ்டர் எழுந்து வந்தார். ஒரு கையால் சுடலைக்கண்ணுவின் தோளைப் பிடித்து, முனகிக்கொண்டே அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி இருவருக்கும் நடுவே மண்ணில் வைத்தார்.

"நாளைக்கும் இங்கனயே வந்து உக்காருவேன்னா எடுத்துக்கோ. மாட்டேன்னா போற வழியில லிங்கதுரை வீட்ல குடுத்துரு. அவனுக்கு உக்காந்து பழக்கம் உண்டு."

சுடலைக்கண்ணு விசிலைப் பார்த்தான். எடுக்கவில்லை.

"முறை வந்தா கூப்பிடுதேன்னு சொன்னிய. கடைசி வரைக்கும் கூப்பிடலையே மாஸ்டர். என் முறை எப்பதான் வரும்?"

"வராது."

இருட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சுடலைக்கண்ணு கையை நீட்டினான். விசிலில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தான்.

"உங்களுக்கு, மாஸ்டர்?"

மாஸ்டர் தன் காலை இரண்டு கையாலும் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டார்.

"எனக்கும் வராதுன்னு முத நாளே தெரியும்டே. ஆனா நம்ம பக்கம் ஒரு பாயிண்ட் விழுந்துட்டா இந்தச் சவத்துக் காலு கேக்காது, எந்திரிக்கும். அதைப் பிடிச்சு உக்கார வச்சு உக்கார வச்சுத்தான் இப்படி வீங்கிக் கெடக்கு."