மழை ஜெபத்துக்கு நாற்பது கால் பந்தல்

கோரைக்குளத்தில் மிருகங்களுக்கென்று ஒரு சபை இருந்தது. எருமை ஞானமுத்து அதன் போதகர்; எல்லோருக்கும் ஐயர். வெள்ளை அங்கி அவருக்குப் பாதி முதுகு வரைதான் எட்டும். பிரசங்கம் மதியம் வரை எட்டும். நரி பாக்கியநாதன் சபைச் செயலாளர். தவளைகள் பாடகர் குழு. ஞாயிறு ஆராதனை ஒரு நாளும் தவறியதில்லை. தவறியது மழை மட்டும்தான்.

மூன்று வருடமாக வானம் பொய்த்துவிட்டது. குளம் வற்றி நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிப்போனது. அந்தக் குட்டையின் கோரைக்குள் நீர்க்கோழி ஜெபக்கனி கூடு கட்டி ஏழு முட்டை இட்டிருந்தாள். இருக்கிற தண்ணீரும் வற்றிவிட்டால் கீரி நடந்தே வந்து முட்டைகளைத் தின்றுவிடும். அதனால் மழை வேண்டும் என்று அவளைப் போலத் தவித்தவர்கள் யாருமில்லை.

"மழை ஜெபம் வைப்போம்! மூணு நாள் கன்வென்ஷன்!" என்று அறிவித்தார் எருமை ஐயர்.

"பந்தல் பெருசாப் போடணும் ஐயா!" என்றது நரி. "பக்கத்துக் குளத்துச் சபையில போன வருசம் இருபது கால் பந்தல் போட்டாங்க. நாம நாப்பது கால் போடலேன்னா ஆண்டவர் நம்மளப் பத்தி என்ன நினைப்பார்?"

ஆண்டவர் என்ன நினைப்பார் என்பது நரிக்கு எப்போதும் நன்றாகத் தெரியும். ஆனால் நாற்பது காலுக்கு மரம் எங்கே? எல்லோருடைய கண்ணும் குளத்தங்கரைக்குப் போனது. கரை நெடுகப் பனையும் பூவரசும் நின்றன. அவற்றின் வேர்தான் அந்த மண்கரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜெபக்கனி பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஐயா, கரை மரத்தைத் தொடாதீங்க! முன்னெல்லாம் ஐப்பசி மழை ஒரு மாசம் நின்னு நிதானமாப் பெய்யும். இப்போ வருசக்கணக்காப் பெய்யாமக் கிடந்து, ஒரே மணி நேரத்துல கொட்டித் தீர்க்குது. வேர் இல்லேன்னா கரை தாங்குமா?"

"விசுவாசம் இல்லாத பேச்சு!" என்று சீறியது நரி. "பூமி சூடாகுது, காலம் மாறுதுங்கிற கதையெல்லாம் சபைக்குள்ள கொண்டு வராதே! அதெல்லாம் கடைசிக் காலத்து அடையாளம். ஆண்டவர் வருகை பக்கத்துல இருக்கு. இனிமே மரம் எதுக்கு?"

"வருகை பக்கத்துல இருந்தா நாப்பது கால் பந்தல் மட்டும் எதுக்கு?"

நரிக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. எருமை ஐயர் குறுக்கே வந்தார்.

"மகளே, பூமியை ஆளுறதுக்கு ஆண்டவர் அதிகாரம் கொடுத்திருக்காரே!"

"தோட்டத்தைக் காக்கவும் சொல்லியிருக்காரே ஐயா! வேதத்துல அந்தப் பக்கம் வந்தா மட்டும் ரெண்டு ரெண்டாப் புரட்டிடுறீங்க!"

பாடகர் குழு களுக்கென்று சிரித்துவிட்டது. ஐயர் முறைத்ததும் அவசரமாக ஒரு கீர்த்தனைக்குத் தாவியது.

மறுநாளே முள்ளம்பன்றிகள் வந்து அடிமரத்தைக் கொறிக்கத் தொடங்கின. ஒரே வாரத்தில் கரை மொட்டையாகிவிட்டது. ஒரு பனையை மட்டும் விட்டுவைத்தார்கள். இரக்கத்தால் அல்ல, ஒலிபெருக்கி கட்ட ஓர் உயரம் வேண்டுமே!

கூட்டம் அமர்க்களமாக நடந்தது. நரி மேடையில் தேம்பித் தேம்பி அழுதது. அழுதுகொண்டே ஒரு கண்ணைத் திறந்து, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டது. கோரைக்குள் ஜெபக்கனியும் முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி ஜெபித்தாள். "ஆண்டவரே, மழை தாரும். மெதுவாத் தாரும்."

மூன்றாம் நாள் மாலை வானம் கறுத்தது. மழை இறங்கியது!

"அல்லேலூயா!" என்று சபையே துள்ளியது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளம் கண்ணெதிரே நிறைந்தது. ஜெபக்கனியின் கூடு தண்ணீரோடு மிதந்து உயர்ந்தது. அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். கரையில் ஓரிடத்தில் மண் சரிந்தது. பிடித்து நிறுத்த அங்கே வேர் இல்லை.

"ஐயா, கரை உடையுது! ஓடிப்போய் உடைப்புல படுங்க! உங்க உடம்பு ஒண்ணு போதும், தண்ணி நின்னுடும்!" என்று அலறினாள் ஜெபக்கனி.

சேற்றில் படுக்க எருமைக்குச் சொல்லியா தரவேண்டும்? ஆனால் அன்று ஐயர் அங்கி போட்டிருந்தார்.

"ஆசீர்வாத ஜெபம் பாதியில நிக்குது மகளே! முடிச்சிட்டு வந்துடுறேன்."

அவர் ஆமென் சொல்வதற்குள் கரை வாயைப் பிளந்தது. குளம் மொத்தமும் வெளியே பாய்ந்தது. கோரை வேரோடு போனது. ஏழு முட்டைகளும் போயின. ஜெபக்கனி கத்திக்கொண்டே வயல்வெளி வரை பறந்து தேடினாள். ஒரு ஓடுகூட அவள் கண்ணில் படவில்லை.

காலையில் வெறுங்குளத்தில் மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. நரி மேடை ஏறியது.

"கேட்டோம், கொடுத்தார்! மழை பெஞ்ச அற்புதத்தை ஊருக்கு எடுத்துச் சொல்லச் சாட்சிக் கூட்டம் வைப்போம். அந்தக் கடைசிப் பனையையும் சாய்ச்சா மேடையைக் கொஞ்சம் அகலமாப் போடலாம்!"

எருமை ஐயர் ஜெபக்கனியிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனசத் தேத்திக்கோ மகளே. எல்லாம் தேவ சித்தம்."

"இல்ல ஐயா!" என்றாள் ஜெபக்கனி. "மழை அவர் சித்தம். கேட்டோம், தந்தார். மரத்தை வெட்டினது நம்ம சித்தம். நாம செஞ்சதுக்கு அவர் பேரை வைக்காதீங்க!"

ஐயர் அசைபோடுவதை நிறுத்தினார். பிறகு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, உடைப்பில் இறங்கி மண்ணை மிதிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தவளையாக அவர் பின்னால் போனது. ஜெபக்கனி ஒரு பனங்கொட்டையை உருட்டிக்கொண்டு கரையேறினாள்.

நரி மட்டும் நாற்பது கால் பந்தலில் நின்று, கேட்க ஆளில்லாமல் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

படைத்தவரைத் துதித்துக்கொண்டே அவர் படைப்பை வெட்டிச் சாய்ப்பவர்களுக்கு, கேட்ட வரம் கிடைத்தாலும் கையில் தங்காது.