சார்ஜர் பேச்சை நிறுத்திய கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, சுத்தியலும் ரம்பமும்கூட வாய் திறந்து பேசும். நல்லதாக நாலு வார்த்தை பேசினால் பரவாயில்லை. பாதி நேரம் புகார்தான்.

அப்போது கடலோர ஊர் ஒன்றில் அஞ்சப்பன் என்று ஒருவன் இருந்தான். வீடுகளுக்குத் தகரக் கூரை போடுவது அவன் தொழில். அவனிடம் ஒரு டிரில் இருந்தது, அதற்கு ஒரே ஒரு பேட்டரி, அந்தப் பேட்டரிக்குத் தீனி போட ஒரு சார்ஜர். டிரில் முன்கோபி. பேட்டரி சோம்பேறி, வாய் கூசாமல் பொய்யும் சொல்லும். சார்ஜர் மட்டும் பரம சாது. பேட்டரியை எந்த நிலையில் கொண்டுவந்து செருகினாலும் மறுக்காமல் ஊட்டிவிடும்.

ஒரு ஐப்பசி மாதம் புயல் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. அஞ்சப்பனின் அக்கா தில்லையம்மா ஓடி வந்தாள். அவள் வீட்டுக் கூரை துருப்பிடித்துச் சல்லடையாகிக் கிடந்தது. மகள் பிரசவத்துக்கு வந்து, பச்சைக் குழந்தையோடு உள்ளறையில் படுத்திருந்தாள்.

“தம்பி, நாளைக்கு சாயங்காலம் காத்து புடிச்சுக்குமாம். அதுக்குள்ள கூரைய மாத்திக் குடுத்துடு. பச்ச உடம்புக்காரிய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?”

“கவலப்படாத அக்கா. முடிச்சுடலாம்” என்றான் அஞ்சப்பன்.

மறுநாள் விடிந்ததும் கூரை ஏறினான். ஒரு தகட்டுக்குக்கூட முழுதாகத் திருகாணி முறுக்கவில்லை. டிரில் நின்றுவிட்டது.

“என் மேல குத்தமில்ல. இவன்தான் படுத்துட்டான்” என்றது டிரில்.

“ராத்திரி எனக்குச் சரியா ஊட்டல. பட்டினி” என்றது பேட்டரி.

இறங்கி வந்து சார்ஜரில் செருகினான். “வயிறு முட்ட இருக்குண்ணே. பொய் சொல்றான்” என்றது சார்ஜர்.

அஞ்சப்பன் பேட்டரியைக் கவிழ்த்துப் பார்த்தான். தொடுமுனைகளில் உப்புப் பூத்திருந்தது. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து மாட்டினான். டிரில் சுற்றியது. பசியுமில்லை, பட்டினியுமில்லை, வெறும் உப்பு. அதைச் சொல்ல இந்தப் பேட்டரிக்கு வாய் வரவில்லையே என்று பல்லைக் கடித்தபடி மேலே ஏறினான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. இந்த முறை உண்மையாகவே தீர்ந்திருந்தது. சார்ஜரில் வைத்தால், “எனக்கே கரண்ட் வரலண்ணே” என்றது அது. நம்பாமல் அதே பிளக் பாயிண்டில் டேபிள் ஃபேனைச் செருகிப் பார்த்தான். அதுவும் ஓடவில்லை. வீட்டில் வேலை செய்யும் வேறு பாயிண்ட் உள்ளறையில், குழந்தையின் தூளிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சார்ஜரை அங்கே கொண்டுபோய் வைத்தான். பேட்டரி நிறையும்வரை காத்திருந்ததில் காலைப் பொழுது போயிற்று.

உச்சி வெயிலில் தகடு தோசைக்கல்லாய்க் காய்ந்தது. கடல் பக்கம் வானம் கறுத்து வந்தது. அஞ்சப்பன் மூச்சுவிடாமல் முறுக்கினான். பாதிக் கூரை முடிந்தபோது பேட்டரி முனகியது.

“சுடுதுண்ணே. என்னைய நெழல்ல போடு.”

“காலையில பட்டினின்ன. இப்ப சுடுதா?” கையில் கனத்த தோலுறை இருந்ததால் சூடு அவனுக்கு உறைக்கவில்லை. டிரில் முற்றாக நிற்கும்வரை அழுத்தினான். பிறகு இறங்கி, உள்ளறைக்குப் போய், பேட்டரியைச் சார்ஜரில் திணித்தான்.

“அண்ணே, இது கொதிக்குது. ஆறட்டும். இப்ப ஊட்டினா வெடிச்சுடும்” என்றது சார்ஜர்.

“நீயும் ஆரம்பிச்சுட்டியா? ஒருத்தன் மாத்தி ஒருத்தன் காலையிலேர்ந்து என் உசுர வாங்குறீங்க. வாய மூடிக்கிட்டு ஊட்டு.”

“நான் பொய் சொன்னதில்லண்ணே.”

“ஊட்டுன்னா ஊட்டு.”

சார்ஜர் ஊட்டியது.

அஞ்சப்பன் ஏணியில் பாதி ஏறியிருப்பான். உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம். அக்காவின் அலறல். குதித்து ஓடினான். பேட்டரி உப்பிப் பிளந்து நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. தூளிச் சேலையின் நுனி பற்றியிருந்தது. மகள் குழந்தையை வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். தில்லையம்மா சேலையை மிதித்து அணைத்தாள். அஞ்சப்பன் மண்வெட்டியால் பேட்டரியை அள்ளி வாசலில் வீசி, மேலே மணலைக் கொட்டினான். நெருப்பு கைப்பிடிவரை எட்டியதில், தோலுறையைத் தாண்டி உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

அக்கா திட்டாமல், அவன் கையில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

டிரில் இனி உதவாது. காற்று எழும்பிவிட்டது. அவனும் அக்காவும் மீதித் தகடுகளைக் கூரையில் அடுக்கி, மேலே பழைய மீன்வலையை விரித்து, நான்கு மூலையிலும் படகு நங்கூரங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். புயல் முழுக்கத் தகடுகள் தடதடவென்று அடித்துக்கொண்டன. ஆனால் ஒன்றும் பறக்கவில்லை. குழந்தை அந்தச் சத்தத்திலும் தூங்கியது.

புயல் ஓய்ந்ததும் அஞ்சப்பன் சார்ஜர் முன்னால் உட்கார்ந்தான். அதன் ஒரு பக்கம் கருகியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே” என்றான்.

“சொன்னேனே. உங்க காதுல எல்லார் பேச்சும் ஒண்ணாத்தான் விழுது, பொய்யும் நெசமும். இனிமே பேச மாட்டேன். சூட்டோட வந்தா ஊட்டவும் மாட்டேன்” என்றது சார்ஜர். அதுதான் அதன் கடைசிப் பேச்சு.

புதுப் பேட்டரி வாங்கி வந்தான். முதல் நாள் வேலை முடித்துச் சுடச்சுடச் செருகினான். சார்ஜரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. “என்ன, உப்பா?” துடைத்தான். சிவப்பு. “கரண்ட் இல்லையா?” பாயிண்டை மாற்றினான். சிவப்பு. ஊதினான், தட்டினான், கெஞ்சினான், கத்தினான். பதில் இல்லை. வெறுத்துப்போய்ப் பேட்டரியைப் பிடுங்கி நிழலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்து செருகியபோது பச்சை எரிந்தது.

சங்கதி மற்ற சார்ஜர்களுக்கும் எட்டியது. அவையும் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான், சூடேறிய பேட்டரியைச் செருகினால் சார்ஜர் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. ஏன் என்று எத்தனை முறை கேட்டாலும் சொல்வதே இல்லை.