ஏரிக் காவலுக்கு வந்த ஆள்காட்டி

சொந்தக் குளம் வற்றிப்போனதால், தூவி என்ற ஆள்காட்டிப் பறவை தன் குஞ்சை நடத்திக்கொண்டு கொக்குகளின் ஏரிக்கு வந்து சேர்ந்தது. கொக்குகள் அங்கே நாணலுக்குள் தாழ்வாகக் கூடு கட்டியிருந்தன.

“காவலுக்கு ஆள் வேண்டுமா ஐயா?” என்று தூவி கேட்டது.

“வேண்டும்தான். ஆனால் உன் கீச்சுக்குரல் இங்கே ஆகாது. ஆபத்து வந்தால் எங்களைப் போல ‘க்ராக்’ என்று கத்த வேண்டும்,” என்றது கொக்குத் தலைவன் நெடுங்காலன். “அப்படிக் கத்துகிறவர்களுக்குப் புழு நிறைந்த ஈரச்சேறு கூலி. மற்றவர்களுக்குக் காய்ந்த கரைதான்.”

தூவிக்குக் காய்ந்த கரைதான் கிடைத்தது. வயிறு ஒட்டிப்போனது. விடாமல் ‘க்ராக்’ பழகியது. சொந்தக் குரல் தப்பித்தவறி வந்துவிட்டால் துரத்திவிடுவார்களோ என்று பயந்து, குஞ்சிடமும் கொக்குப் பேச்சே பேசியது. ‘பதுங்கு’ என்று தன் இனம் சொல்லும் சொல்லை அதற்குக் கற்றுத்தரவே இல்லை. ஒருவழியாக ஈரச்சேறு கிடைத்தது. பயம் மட்டும் போகவில்லை.

ஒரு மாலை, காற்றே இல்லாதபோது நாணல் அசைந்தது. தண்ணீர் குறைந்த பக்கமாக ஒரு நரி, வயிறு தரையில் உரச வந்துகொண்டிருந்தது.

“க்ராக்! க்ராக்!” என்று தூவி கத்தியது.

பெரிய கொக்குகள் எழும்பிப் பறந்தன. பறக்கத் தெரியாத கொக்குக் குஞ்சுகள் கூட்டிலேயே நடுங்கின. தூவியின் குஞ்சோ கொக்கைப் போலவே எழுந்து நின்று, வளராத சிறகை அடித்தது. நரி அதைப் பார்த்துவிட்டது.

“பதுங்கு, கண்ணே!” என்று தூவி தன் மொழியில் அலறியது. குஞ்சுக்குப் புரியவில்லை.

தூவி நரியை நோக்கி ஓடியது. தன் இனத்துத் தாய்கள் செய்வதையே செய்தது. சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு, நரியின் மூக்கருகே விழுந்து புரண்டு கதறியது. நரி குஞ்சை விட்டுத் திரும்பிப் பாய்ந்தது. தூவியின் வாலிறகு இரண்டு அதன் வாயோடு போயின. கூடுகளை விட்டு வெகுதூரம் அதை இழுத்துப்போன பிறகே தூவி பறந்தது.

திரும்பி வந்தபோது நெடுங்காலன் காத்திருந்தது. விரட்டத்தான் போகிறது என்று தூவி ஒடுங்கி நின்றது.

“இந்த வித்தை எங்கள் யாருக்கும் தெரியாதே. ஏன் மறைத்தாய்?”

“என் குரல் வேண்டாம் என்றீர்களே ஐயா. எல்லாவற்றையும்தான் வேண்டாம் என்கிறீர்கள் என்று நினைத்தேன். என் குஞ்சுக்குப் பதுங்கக்கூடக் கற்றுத்தரவில்லை.”

நெடுங்காலன் கூட்டிலிருந்த குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, “எங்கள் குஞ்சுகளுக்கும் பதுங்கக் கற்றுக்கொடு. நாணலோரச் சேறு முழுக்க உனக்கு,” என்றது.

தூவி முதலில் தன் குஞ்சை அருகில் அழைத்தது. ‘பதுங்கு’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தது.

வந்த இடத்தின் பேச்சைக் கற்றுக்கொண்டால் பிழைப்பு கிடைக்கும். பிறந்த இடத்தின் அறிவையும் கைவிடாதவருக்கே அந்தப் பிழைப்பு செழிக்கும்.